வாசலுக்கு மூன்று செடி



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வசந்தகாலம். விக்டோரியா பூங்காவுக்கும் ஹக்கலைக்கும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் போய் இறங்குவார்கள். டேலியாவின் முன்னாலும் ரோசாவின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வீடு திரும்பிச் சொந்த வாசலைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சு கொஞ்ச நாளில் கடிதமாகி நம் மேசைக்கு வந்துவிடும்: “வாசலில் பூப்பாத்தி போட ஆசை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன செடி வாங்கலாம்?”

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களின் பக்கமிருந்து இப்படிக் கேட்பவர்களில் புதுவீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வாசல் என்பது வரிசைக்கே பொது. அங்கே ஒரு ரோசாக் குச்சியை ஊன்றினாலும் அடுத்த காம்பராக்காரரின் கொடிக்கயிற்றைப் பார்த்துத்தான் ஊன்ற வேண்டும். ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்தவர்களின் நிலைமை வேறு. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத் தோட்ட மக்களுக்கு மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தது நினைவிருக்கும். ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 சதுர அடி போய், மலசலகூடத்துக்கும் நடைபாதைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் போக, வாசலில் ஒரு துண்டு நிலம் மிஞ்சும். அந்தத் துண்டைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன்.

“ஒன்றும் தெரியாது” என்று நீங்கள் எழுதுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரிவில் தண்ணீர் மண்ணை அரிக்காமல் கான் வெட்டத் தெரியும். வேர் அறுபடாமல் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறத் தெரியும். கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தால் கிளை பிளக்காது என்று தெரியும். ஒற்றை இலையோடு ஒரு சிறு தண்டை நறுக்கிப் பையில் வைத்து, நிழல் கொடுத்து, வீ.பி. கன்றாக்கத் தெரியும். துரை பங்களாவின் புல்தரையையும் பூப்பாத்திகளையும் பராமரித்த கைகளும் நம் தாத்தாமாரின் கைகள்தான். பட்டணத்தில் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் வேலை இது.

நமக்குப் புதிது ஒன்றே ஒன்றுதான்: தெரிவு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து, எந்த மலையில் எந்தச் செடி, எத்தனை அடி இடைவெளி, எப்போது வெட்டு என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்தார்கள். நாம் நட்டோம். இப்போது செடியையும் இடத்தையும் நாமே தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் பூச்செடிக் கடையில் போய் நிற்கும்போது கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் தீர, கடைக்குப் போகுமுன் மண்ணிடமும் வெயிலிடமும் மழையிடமும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும்.

மண்ணில் தொடங்குவோம். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். நம் வாசல் மண்ணும் நேற்று வரை தேயிலை நின்ற மண்தான். ஆகவே அமிலத்தை விரும்பும் பூச்செடிகள் இங்கே அலுங்காமல் வளரும். ஹைட்ரேஞ்சியா, அசேலியா, கமேலியா மூன்றும் அந்த வகை. கமேலியா தேயிலைக்கு ஒன்றுவிட்ட சகோதரி, ஒரே பேரினம்.

ஹைட்ரேஞ்சியாவை உங்களுக்குத் தெரியும். பங்களா வேலியோரத்தில் தலை பெரிதாக, நீலமாக, உருண்டு பூக்குமே, அதுதான். அந்த நீலத்துக்குக் காரணமும் நம் மண்தான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. அது பூவின் நிறமியோடு சேரும்போது பூ நீலமாகிறது. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்பாகிவிடும். சீமெந்துச் சுவரை ஒட்டி நட்ட செடி இளஞ்சிவப்பாகவும், அதே குச்சியில் பிறந்து பத்தடி தள்ளி நிற்கும் செடி நீலமாகவும் பூத்தால் அதிசயப்பட வேண்டாம்; மழை சுவரிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து இறக்கியிருக்கிறது. வெள்ளை வகை மட்டும் இந்த விளையாட்டில் சேராது. மண் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காமல் மண்ணைப் பற்றி அறிந்துகொள்ள ஒரு ஹைட்ரேஞ்சியா போதும்.

ரோசாவின் கதை நேர்மாறு. அதற்குப் பி.எச். ஆறுக்கு மேல் இருக்க வேண்டும். தேயிலைக்குக் கவ்வாத்துக் காலத்தில் போடும் டொலமைட்டைக் கொஞ்சம் கலந்து மண்ணைப் பக்குவப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தாலும், ஓயாத மழையில் இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரும். ரோசாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் நம் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் பல நாட்கள் காலையில்தான் வானம் வெளுத்திருக்கும். பகல் தாண்டினால் முகில் இறங்கிவிடும். ஆகவே கிழக்குப் பார்த்த வாசலுக்குக் கிடைக்கும் வெயில் மேற்குப் பார்த்த வாசலுக்குக் கிடைக்காது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிழக்கு வாசலில் டேலியா, துலுக்கச் செவ்வந்தி, ஜெரேனியம் வையுங்கள். மேற்கு வாசலிலும் மரநிழலிலும் ஹைட்ரேஞ்சியா, பிகோனியா, ஃபுக்சியா வையுங்கள். செடி வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டால், பாதிப் பணம் மிச்சம்.

மூன்றாவது மழை. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆவணி வரை விடாது. கெசல்கமுவ ஓயா கரையைத் தொட்டு ஓடும் காலம் அது. பூச்செடி அந்த மழையில் குளிரால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். ஆகையால் பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்திப் போடுங்கள். சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள், மேல்பக்கத்தில் ஒரு சிறு கான் இருக்கட்டும். அகலம் நாலடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை எட்டினால்தான் பாத்திக்குள் கால் வைக்காமல் களை பிடுங்கலாம். தகரக் கூரையின் தண்ணீர் விழும் கோட்டுக்குள் எதையும் நடாதீர்கள். அந்த இடத்தில் கருங்கல்லைப் பரப்பிவிட்டு, இரண்டடி தள்ளிப் பாத்தியைத் தொடங்குங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டியிருந்தால் அந்த வெட்டில் பூப்பாத்தி வேண்டாம். அங்கே வெட்டிவேர் நடுங்கள். மண் நிற்பதுதான் முக்கியம்.

இந்த மூன்றையும் விசாரித்தாயிற்று. இனிச் செடிக்கு வருவோம். முதல் வருடத்துக்கு மூன்று வகை போதும் என்பது என் கட்சி: ஒன்று குச்சியில் வருவது, ஒன்று கிழங்கில் வருவது, ஒன்று விதையில் வருவது.

குச்சிக்கு ஹைட்ரேஞ்சியா. பூக்காத கிளையில் ஐந்தங்குலத் துண்டு, இரண்டு கணு, அடியிலைகளை நீக்கி, மேலிலையைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் வைத்தால் ஒரு மாதம் அளவில் வேர் பிடிக்கும். வீ.பி. கன்று வைத்த கைக்கு இது விளையாட்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: தேயிலைக்குப் போடும் கவ்வாத்தை இதற்குப் போடாதீர்கள். சென்ற பருவத்தில் வளர்ந்த தண்டில்தான் அடுத்த பூ வரும். பூ வாடியவுடன் அந்தத் தலையை மட்டும் வெட்டினால் போதும். கத்தி எடுத்தால் மட்டம் பார்த்து வெட்டியே பழகிய கைகள் இங்கே கொஞ்சம் அடங்க வேண்டும்.

கிழங்குக்கு டேலியா. மெக்சிக்கோவின் மலைநாட்டுச் செடி, ஆகவே நம் குளிர் அதற்குப் பழக்கந்தான். இரண்டடி இடைவெளி விட்டு, நடும்போதே பக்கத்தில் ஒரு கம்பையும் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் கம்பு கிழங்கைக் குத்தும்.

விதைக்குக் காசித்தும்பை அல்லது துலுக்கச் செவ்வந்தி. இரண்டும் விதைத்து இரண்டு மாதம் அளவில் பூக்கும். செவ்வந்திக்கு இன்னொரு குணமும் உண்டு: அதன் வேரிலிருந்து கசியும் பொருள், மரக்கறி வேர்களில் முடிச்சுப் போடும் நூற்புழுக்களைக் கட்டுப்படுத்தும். கரட்டுப் பாத்திக்கும் தக்காளிப் பாத்திக்கும் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஐப்பசி நடுவில் விதைத்தால் தைப்பொங்கலுக்குப் பூ கையில் இருக்கும். மார்கழியில் விதைத்தால் மாசியில் காமன் கூத்துக்கும், அதற்கு அடுத்து வரும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஆகும். ஹட்டன் கடையில் மாலைக்குக் கொடுக்கும் பணம் வீட்டில் நிற்கும்.

மூன்று வகை என்றால் மூன்றே மூன்று செடி என்று கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு கன்றுகளைச் சேர்த்துக் கூட்டமாக நடுங்கள். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்றொரு அம்மையார் இருந்தார். ஓவியம் பயின்றவர், பார்வை மங்கியதால் தோட்டக் கலைக்குத் திரும்பியவர். அவர் வடிவமைத்த தோட்டங்கள் ஏறத்தாழ 400. ஒரே வகைச் செடியை நீளவாக்கில் திரளாக நட்டு, அதன் ஓரத்தில் அடுத்த வகையைக் கலக்கவிடுவது அவருடைய முறை. கடையில் கண்ட வகைக்கொன்றாக வாங்கிப் பத்து நிறத்தைப் பாத்தியில் இறைத்தால் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். கிழக்கு வாசலானால் பின்னால் ஹைட்ரேஞ்சியா (காலை வெயிலை அதுவும் தாங்கும்), நடுவில் டேலியா, முன்னால் செவ்வந்தி என்று உயரம் பார்த்து நடுங்கள். கன்று சிறிதாக இருக்கிறதே என்று நெருக்கி வைக்காதீர்கள். ஹைட்ரேஞ்சியா நாலடி பரந்து நிற்கும்.

பசளைக்கு அலைய வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்ற காலத்தில் கூட்டெரு போடப் பழகியவர்கள் நாம். மக்கிய சாணமும், காய்கறித் தோலும், வடிகட்டிய தேத்தூளும் சேர்ந்த கூட்டெரு பாத்திக்குத் தாராளம்.

வேண்டாத செடிகளையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளும் வெள்ளையுமாக எக்காளம்போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூச்செடி ஊமத்தையின் உறவு, செடி முழுவதும் நஞ்சு. அலரியும் அப்படியே. பிள்ளைகள் விளையாடும் வாசலில் இரண்டும் வேண்டாம். ஹைட்ரேஞ்சியா இலையையும் ஆடு மாடு தின்னக் கூடாது, வேலி கட்டிக்கொள்ளுங்கள். உண்ணிச்செடி அழகுதான். 1826இல் அழகுக்காகத்தான் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாடு முழுவதும் புதராக மண்டிக் கிடக்கிறது. வேலி தாண்டி ஓடும் செடியை வாசலில் வளர்க்காதீர்கள்.

இன்னும் லயத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பால்மா டின்னிலும் பழைய யூரியாப் பையிலும் ஜெரேனியமும் காசித்தும்பையும் நன்றாக வரும். அடியில் ஓட்டை போடுங்கள். கீழே தட்டு வைக்காதீர்கள், தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். நாளைக்குத் தனிவீடு கிடைத்தால் டின்னோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

செடி வாங்கக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் தோட்டத்திலேயே யார் வாசலிலாவது பூத்துக்கொண்டிருக்கும். அங்கே நன்றாக வந்தது இங்கேயும் வரும் என்பதைவிட நல்ல சிபாரிசு எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்காவிடமோ ஆத்தாவிடமோ ஒரு குச்சி கேளுங்கள். பதிலுக்கு உங்களிடம் இருப்பதில் ஒன்றைக் கொடுங்கள்.

அடுத்த இதழ் முதல் இதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் தோட்டத்தின் பெயர், வாசல் எந்தத் திசை பார்த்தது, எந்த மூன்று வகையைத் தெரிவு செய்தீர்கள், ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பவர்கள் அதன் நிறத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பொகவந்தலாவையிலிருந்து மஸ்கெலியா, தலவாக்கலை வரை எந்த மண்ணில் எது வருகிறது என்ற குறிப்பை நாமே சேர்த்துவிடலாம். பருவமழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. குச்சி வேர் பிடிக்க அது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்