கேஸா, மின்சாரமா? பில் யார் தலையில்?

பிரிட்டனில் புது அடுக்கு வீடுகள் எழும்பும்போதெல்லாம் ஒரு விவாதமும் கூடவே எழும்புகிறது. வீட்டைச் சூடாக்கக் கேஸ் வைப்பதா, மின்சாரம் வைப்பதா?

நம் ஊர் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்காவிட்டால் சுவர் ஈரம் கோக்கும்; பூஞ்சணம் படரும்; குழந்தைக்கு இழுப்பு வரும்; முதியவர்களின் உயிருக்கே ஆபத்து. சூடு அங்கே சொகுசு அல்ல. சோறு போல, கூரை போல, உயிர்த் தேவை.

"கேஸ் மலிவு" என்கிறது ஒரு தரப்பு. "கேஸ் வெடிக்கும், புகை கக்கும், மின்சாரமே சுத்தம்" என்கிறது மறு தரப்பு. இரு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தேர்ந்தெடுப்பவன் யார்? பில் கட்டுபவன் யார்? தேர்ந்தெடுப்பவன் கட்டட முதலாளி. பில் கட்டுபவன் குடியிருக்கும் தொழிலாளி. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

ரோனன் பாயின்ட் தரும் பாடம்

1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். ஜனங்கள் குடியேறி இரண்டு மாதமே ஆகியிருந்தது. விடியற்காலையில் 18-வது மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. பாரம் தாங்கும் சுவர் பிய்த்துக்கொண்டு போயிற்று. மூலை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. 4 பேர் மாண்டனர். 17 பேர் காயமடைந்தனர்.

வெடிப்போ சிறியது. பற்றவைத்த பெண்மணியே உயிர் தப்பினார். பிறகு கட்டடம் ஏன் விழுந்தது? பாக்டரியில் வார்த்த காங்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கிய அவசரக் கட்டடம் அது. ஒரு பலகை போனால் மேலே உள்ளதைத் தாங்க வேறு ஏற்பாடு கிடையாது. உயர உயர அதிக மானியம் என்று 1956-ம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. உயரம் வளர்ந்தது, உறுதி வளரவில்லை.

தண்டனை யாருக்குக் கிடைத்தது? குடியிருந்தவர்களுக்கு! இத்தகைய உயர்ந்த கட்டடங்களில் கேஸை நிறுத்தச் சொன்னது சர்க்கார். மின்சாரம் வந்தது, பெரிய பில்லும் வந்தது. பில்லுக்கு அஞ்சிச் சூட்டை அணைத்த வீடுகளில் பூஞ்சணம் குடியேறியது. 1986-ல் ரோனன் பாயின்ட் இடிக்கப்பட்டது. ஆனால் 2017-லும் தெற்கு லண்டன் லெட்பரி குடியிருப்பில், இதே பாணிக் கட்டடங்கள் கேஸ் வெடித்தால் தாங்காது என்று கண்டு, அவசரமாகக் கேஸை நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அதே கதை!

கணக்குப் போடுவோம்

2024 ஏப்ரலில் பிரிட்டனில் நிர்ணயித்த உச்ச விலை: கேஸ் யூனிட்டுக்குச் சுமார் 6 பென்ஸ், மின்சாரம் 24½ பென்ஸ். ஓர் அறைக்கு 10 யூனிட் சூடு தேவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல கேஸ் பாய்லரில் சுமார் 67 பென்ஸ் ஆகும். சுவரில் மாட்டும் சாதாரண மின்சார ஹீட்டரில் 245 பென்ஸ்!

அப்படியிருந்தும் கட்டட முதலாளிக்கு அந்த ஹீட்டர்மேல் ஏன் ஆசை? குழாய் வேண்டாம், பாய்லர் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம். கட்டும் செலவு அவனுக்கு மிச்சம். வாடகைக்கு விடுபவனுக்கோ, ஆண்டுதோறும் கேஸ் பரிசோதனை செய்யும் சட்டக் கடமையும் மிச்சம். அவர்கள் மிச்சம் பிடித்ததைக் குடித்தனக்காரன் ஆயுள் முழுதும் கட்டித் தீர்க்கிறான்.

அதற்காக நாம் கேஸுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கேஸ் எரியும் புகை பூமியையே சூடாக்குகிறது. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் அதன் விலை எங்கே போயிற்று என்பதை உலகமே பார்த்தது.

வழி இருக்கிறது. வெப்பப் பம்ப் என்ற கருவி, வெளிக்காற்றில் உள்ள சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு. அதே அறைக்கு சுமார் 82 பென்ஸ்! சூடு வெளியேறாதபடி சுவரையும் ஜன்னலையும் ஒழுங்காகக் கட்டினால் செலவு இன்னும் குறையும். ஆனால் இதற்கெல்லாம் கட்டுபவன் முதலில் பணம் போட வேண்டும். புகை சேர்க்காத வீடுகளையே 2016 முதல் கட்டுவது என்று 2006-ல் அளித்த வாக்குறுதியை, வீடு கட்டும் கம்பெனிகளின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி 2015-ல் கைகழுவினார்கள்.

மின்சாரம் இவ்வளவு விலை விற்பானேன்? அங்குள்ள சந்தையில் பெரும்பாலும் கேஸ் மின் நிலையத்தின் செலவுதான் மின்சார விலையை நிர்ணயிக்கிறது. காற்றாலை மின்சாரம் மலிவாக உற்பத்தியானாலும், அந்த மலிவு தொழிலாளியின் பில்லுக்கு வந்து சேருவதில்லை. பொதுச் சொத்தாக இருந்த கேஸை 1986-லும், மின்சாரத்தை 1990 முதலும் தனியாருக்கு விற்றார்கள். சந்தை வந்தால் விலை இறங்கும் என்றார்களே, இறங்கியதா?

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். புது வீட்டுக்கு மின்சாரமே சரி. ஆனால் மலிவு ஹீட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு ஓடும் மின்சாரம் அல்ல. வெப்பப் பம்ப் வேண்டும். சூடு தங்கும் சுவர் வேண்டும். நியாயமான கட்டணம் வேண்டும். கட்டடம் எழும்பும் முன்பே, குடியேறப் போகிறவர்களுக்கு அதில் பேச்சுரிமை வேண்டும்.

கேஸா, மின்சாரமா என்று கேட்பவனிடம் நாம் திருப்பிக் கேட்போம்: பில் யார் தலையில்?