பெருந்தமனியில் கிருமித்தொற்று: மருந்து மட்டும் போதாதது ஏன்?

இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தம் கொண்டுபோகும் மெயின் குழாய்தான் பெருந்தமனி. சால்மோனெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதன் சுவரை அரித்தால், அந்த இடம் பலூன் மாதிரி வீங்கும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கட்டுப்படுத்தும். அரித்துப்போன சுவரைச் சரிசெய்யாது. அதனால்தான் ஆபரேஷன். தொற்றுள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மாற்றுக்குழாய் பொருத்துகிறார்கள்.

சிக்கலே இங்கேதான். செயற்கைக் குழாயிலும் கிருமி ஒட்டிக்கொள்ளலாம். இதைத் தவிர்க்க ரிஃபாம்பிசின் மருந்தில் ஊறவைத்த குழாய், இறந்தவர் தானமாகத் தந்த தமனி, நோயாளியின் சொந்தத் தொடையிலிருந்து எடுத்த சிரை என ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகும் பல வாரங்கள் ஆன்டிபயாட்டிக் தொடரும். சிலருக்கு ஆயுள் முழுக்க.

காய்ச்சலோடு முதுகுவலியோ வயிற்றுவலியோ விடாமல் இருக்கிறதா? வயதானவர்கள், சுகர் உள்ளவர்கள் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்ப்பது நல்லது. சி.டி. ஸ்கேனில் வீக்கம் தெரிந்துவிடும்.