அட்டெண்டன்ஸ் வேண்டாம்... பி.எட். மட்டும் போதுமா?

“காலேஜுக்கு வரவே வேண்டாம் மேடம். பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும். அட்டெண்டன்ஸ், ரெக்கார்டு நோட்டு எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்.”

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மதியம் என் பெரியம்மா மகளுக்கு வந்த போன் இது. அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டுப் பெரியம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார். கல்லூரிக் கட்டணம் தனி, வகுப்புக்கு வராமல் இருப்பதற்கு ஒரு தொகை தனி. வராத வகுப்புக்குக் கூடுதல் காசு கேட்கிற வியாபாரத்தை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

அக்காவுக்கு அப்போது 33 வயது. பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். தென்காசி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு டீச்சர். பி.எட். மட்டும் இல்லை. “அடுத்த வருஷத்துக்குள்ள சேர்ந்துட்டா பார்க்கலாம்” என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில்தான் இந்த போன்.

“வேலையையும் விட வேண்டாம், சர்டிஃபிகேட்டும் கிடைக்கும்லா? பேசாம சரின்னு சொல்லு” என்றார் பெரியம்மா. அத்தானுக்கும் அதே எண்ணம்தான். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. பையன் இரண்டாம் வகுப்பு. இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருப்பது விளையாட்டு இல்லையே!

ஒரு வாரம் யோசித்த அக்கா, போனில் வந்த வழியை வேண்டாம் என்றாள். பக்கத்து ஊரில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். தினமும் போய்த்தான் ஆக வேண்டும் என்கிற கல்லூரி.

“ஏன்க்கா?” என்று கேட்டேன்.

“எங்க கணக்கு சார் எனக்கு எப்படி நடத்துனாரோ, அதையேதான் ஆறு வருஷமா நானும் நடத்திட்டு இருக்கேன். அது சரியா தப்பான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து பார்த்ததில்ல. ஒரு தடவையாவது யாராவது பார்த்துச் சொல்லட்டுமே!”

டிகிரி இருந்தும் எதற்குப் பயிற்சி?

‘கணக்கு தெரிந்தவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?’ என்று நமக்குத் தோன்றும். இந்தக் கேள்வி நூறு வருடத்துக்கும் மேல் பழசு. அந்தக் காலத்தில் பட்டம் முடித்தவர்களுக்கான ஆசிரியர் பயிற்சிக்கு எல்.டி. என்று பெயர். பிறகு பி.டி. ஆனது, அதன் பிறகு பி.எட். படிப்பின் பெயர் மாறிவிட்டாலும் பதவியின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்களை இன்றைக்கும் ‘பி.டி. அசிஸ்டென்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த ராதாகிருஷ்ணனும் இந்தப் பயிற்சிக்குப் போனவர்தான். தத்துவத்தில் எம்.ஏ. முடித்து, 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர், அதன் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்தார்.

ஒரு வருடப் படிப்பாக இருந்த பி.எட்., 2015-ல் இரண்டு வருடம் ஆனது. என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள்தான் காரணம். அந்த விதிகளின்படி வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 சதவிகித வருகை கட்டாயம். பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்கும் காலத்துக்கு 90 சதவிகிதம். இரண்டு வருடத்தில் மொத்தம் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில் வரும்.

இப்போது அந்த போனை மறுபடி நினைத்துப் பாருங்கள். ‘வரவே வேண்டாம்’ என்றால், இந்த 20 வாரமும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

“கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே!”

முதல் வருடத்தில் ‘மைக்ரோ டீச்சிங்’ என்று ஒன்று உண்டு. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. முழுப் பாடத்தையும் நடத்தாமல், ஐந்தாறு நிமிடத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். பாடத்தை எப்படித் தொடங்குவது, கேள்வி எப்படிக் கேட்பது, கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றாக. கூடப் படிப்பவர்களே குழந்தைகளாக உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் குறைகளைச் சொல்வார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும்.

ஆறு வருட அனுபவம் இருக்கிறது என்ற தைரியத்தில் அக்கா முதல் ஆளாகப் போனாள். முடித்ததும் பேராசிரியை சொன்னாராம்: “போர்டைப் பார்த்தே பேசுறீங்க. கேள்வி கேட்டு ரெண்டு செகண்டு கூட காத்திருக்கல. பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க.”

அன்று ராத்திரி எனக்கு போன் பண்ணினாள். “ஆறு வருஷமா பிள்ளைங்க பதில் சொல்லாததுக்குக் காரணம் நான்தான் போல” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாவம்லா” என்றாள்.

ஏழாம் வகுப்பில் வந்த ‘ஏன் மிஸ்?’

இரண்டாம் வருடம், 16 வாரப் பயிற்சிக்கு ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு. முழுக்கள் பாடம். ‘மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்’ என்று போர்டில் எழுதி, பத்துக் கணக்கும் போட்டுவிட்டாள். முடிக்கும் நேரத்தில் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாளாம்: “ஏன் மிஸ் பிளஸ் வருது?”

“அது ரூல்மா” என்றாள் அக்கா. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர், பிள்ளைகள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. டிபன் வேளையில் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார்.

3 × (–2) = –6
2 × (–2) = –4
1 × (–2) = –2
0 × (–2) = 0

“ஒவ்வொரு வரிக்கும் விடை எவ்வளவு கூடிட்டு வருது?”

“ரெண்டு ரெண்டா கூடுது சார்.”

“அப்போ அடுத்த வரி, மைனஸ் ஒன்றை மைனஸ் இரண்டால பெருக்கினா?”

பூஜ்யத்துக்கு அடுத்து, இரண்டு கூடினால், பிளஸ் இரண்டு. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆயிரம் முறை போட்ட கணக்குக்கு, 34-வது வயதில்தான் அக்காவுக்குக் காரணம் கிடைத்தது. மறுநாள் முதல் நான்கு வரியை மட்டும் போர்டில் எழுதிவிட்டு, சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். ஐந்தாவது வரியை அவளே எழுதினாள்.

அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன். கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகப் போடுவான். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் நோட்டை மூடிவிடுவான். சோம்பேறி என்று நினைத்திருக்கிறாள் அக்கா. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவனுக்குத் தமிழ் வாசிக்கவே திணறுகிறது. கணக்கில் பிரச்னையே இல்லை. அக்கா படித்துச் சொன்னதும் மனக்கணக்காகவே விடை சொல்லிவிட்டான்.

எல்லாப் பாடத்துக்குள்ளும் மொழி இருக்கிறது என்று பி.எட்.டில் ஒரு தாளே உண்டு. “அதைப் பரீட்சைக்குப் படிச்சப்போ ஒண்ணும் புரியல. அந்தப் பயலைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது” என்றாள்.

நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் எழுதிய செய்திகளைவிட, பயிற்சிக்குப் போன இடத்தில் சீனியர் ஒருவர் சிவப்பு மையால் அடித்துத் தந்த முதல் செய்திதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாம் செய்வதை ஒருவர் பார்த்துத் திருத்துவதற்குப் பெயர்தான் பயிற்சி. நான் தப்பாக எழுதினால் மறுநாள் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்ட பிள்ளை மறுபடி எழுந்து கேட்குமா?

பி.எட். முடித்தால் வேலை உறுதியா?

இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்த, பி.எட்.டுடன் ‘டெட்’ எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி வேண்டும். 150 கேள்விகள். பொதுப் பிரிவினருக்கு 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, மற்ற பிரிவினருக்குச் சலுகை உண்டு. 2012 ஜூலையில் தமிழகத்தில் முதன்முதலாக இந்தத் தேர்வு நடந்தபோது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி, இரண்டு தாளும் சேர்த்துத் தேறியவர்கள் வெறும் 2,448 பேர். டெட் தேறினாலும் நேராக அரசு வேலை கிடையாது. 2018-ல் வந்த அரசாணை 149-ன்படி அதற்கெனத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் டெட் வந்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று, பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கும் டீச்சர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரைக்கான தகுதி அது இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி வேண்டும்.

சேருவதற்கு முன்பு

உங்கள் வீட்டில் யாராவது பி.எட். சேர நினைத்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

• கல்லூரியின் பெயர் என்.சி.டி.இ.யின் அங்கீகாரப் பட்டியலிலும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் இருக்கிறதா? இரண்டு பட்டியலும் இணையதளத்தில் இருக்கின்றன.

• தமிழகத்தில் 7 அரசுக் கல்லூரிகளும் 14 அரசு உதவி பெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. மொத்தம் சுமார் 2,000 இடங்கள். டிகிரி மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு. இதற்கு விண்ணப்பிக்காமல் தனியார் கல்லூரிக்கு ஓடாதீர்கள்.

• டிகிரியில் பொதுப் பிரிவினருக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவிகித மதிப்பெண் வேண்டும்.

• ‘தபாலில் படிக்கலாம்’ என்றால் உஷார். தொலைதூரக் கல்வியில் பி.எட். உண்டுதான். ஆனால், ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்தவர்களுக்கானது அது. டிகிரி மட்டும் வைத்திருப்பவர்கள் சேர முடியாது.

• ‘எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள்?’ என்று கல்லூரியில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

ஒரே மாதிரி இரண்டு சான்றிதழ்கள்

அக்காவுடன் பழைய பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர், அந்த போனில் வந்த வழியிலேயே போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவருக்கு உடம்பு முடியாமல், அந்தச் சம்பளத்தில் ஓடிய வீடு அது. அவருக்கும் சான்றிதழ் வந்துவிட்டது, அக்காவைவிட அதிக மதிப்பெண்ணுடன். இன்டர்வியூ மேஜையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அக்காவுக்கு அதில் வருத்தம் உண்டு.

இப்போது அக்கா வேறொரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். சம்பளம் பெரிதாக ஏறிவிடவில்லை. காலையில் நாலரை மணிக்கு எழுந்து டெட்டுக்குப் படிக்கிறாள். போன தடவை சில மதிப்பெண்ணில் போய்விட்டது.

“அந்த ரெண்டு வருஷச் சம்பளத்தை நினைச்சா இப்போ வருத்தமா இருக்காக்கா?” என்று போன வாரம் கேட்டேன்.

“கடனை நினைச்சா இருக்கு. வகுப்புல நின்னா இல்ல” என்றாள். பிறகு, “இப்பல்லாம் கேள்வி கேட்டா அஞ்சு செகண்டு வாயை மூடிட்டு நிக்கேன். பிள்ளைங்க பேசுதுங்க” என்றாள்.

உங்கள் பள்ளி நாட்களில் ‘அது ரூல்’ என்று உட்கார வைக்காமல், ‘ஏன்’ என்று விளக்கிய ஓர் ஆசிரியர் இருந்திருப்பார். அவரது எண் உங்களிடம் இருந்தால், இன்றைக்கு ஒரு போன் போடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்!