நிழலும் நியதியும்

சென்ற வாரம் மாணவன் ஒருவன் முகவாட்டத்துடன் வந்தான். "ஐயா, கணினியில் ஒரு சாளரத்தில் எழுதுவதாக எண்ணி, மற்றொன்றில் இருந்த கட்டுரையைக் கெடுத்துவிட்டேன்" என்றான். திரையை நோக்கினேன். சில சாளரங்களுக்கு நிழல் இருந்தது; சிலவற்றுக்கு இல்லை. வெண்ணிறத் தாள்கள் இரண்டு ஓரம் தெரியாமல் ஒட்டிக் கிடந்தன.

காரணம் எளிது. அவன் கையாளும் லினக்ஸ் முறையில் சில மென்பொருள்கள் தம் நிழலைத் தாமே வரைகின்றன. சில, அப்பணியைச் சாளரங்களை ஆளும் மென்பொருளிடம் விட்டுவிடுகின்றன. இரண்டும் வரையாதொழியின் நிழலே இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வரையின் ஒழுங்கில்லை.

அவனுக்கு நம் கண்டியை அடுத்த தெகல்தொருவைக் குகை விகாரையை நினைவூட்டினேன். அங்குள்ள 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் செந்நிறப் பின்னணியில் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. நிழல் எதற்கும் இல்லை. ஆயினும் கண் மயங்குவதில்லை. ஒவ்வோர் உருவத்துக்கும் தெளிவான எல்லைக்கோடு உண்டு.

மாணவர்களே, நிழல் வெறும் அலங்காரமன்று. 'முன்னிற்பது இது' எனக் கண்ணுக்கு உரைக்கும் சொல். அச்சொல்லை எல்லாச் சாளரங்களுக்கும் ஒருபடித்தாய் உரைத்தல் வேண்டும். இயலாதெனின், கோடொன்றேனும் இடுதல் வேண்டும். பாதி உரைத்துப் பாதி மறைத்தலே ஏமாற்றம் தருவது.