பல் நாற்காலியில் அரைமயக்கம்

பல் டாக்டர் என்றாலே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று சிரிப்பவர்கள் பிரிட்டன் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 2009-ல் அங்கே நடந்த பெரியவர்களுக்கான பல் நல ஆய்வில், பல் டாக்டரிடம் ஒருமுறையாவது போனவர்களில் 12 சதவீதம் பேருக்குக் கடுமையான பயம் இருப்பது தெரிந்தது. இதை அளக்க ஐந்து கேள்விகள், மொத்தம் 25 மார்க். 19 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கடுமையான பயம். (மார்க் கூடினால் வருத்தப்பட வேண்டிய பரீட்சை இது ஒன்றுதான்!)

பயந்தவர் போகாமல் இருக்கிறார். சின்னதாக அடைத்திருக்க வேண்டிய சொத்தை, பல்லைப் பிடுங்கும் அளவுக்கு வளர்கிறது. வைத்தியம் பெரிதாகப் பெரிதாகப் பயமும் பெரிதாகிறது. கூட்டு வட்டி மாதிரிதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு பிரிட்டனில் ஒரு காலத்தில் பல் கிளினிக்கிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்கினார்கள். அதில் உயிர்கள் போயின. 2001 கடைசியோடு அது நிறுத்தப்பட்டது. இப்போது முழு மயக்கம் என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கிளினிக்கில் அந்த இடத்தைப் பிடித்தது நரம்பு வழியே ஏற்றும் மிடஸோலம்.

இது தூக்கம் இல்லை. புறங்கையில் ஊசி குத்தி, ஒரே அடியாக ஏற்றாமல், ஆளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். நோயாளி தானே மூச்சு விடுவார், கேட்டால் பதில் சொல்வார். வலியை இது எடுக்காது, மரத்துப்போகும் ஊசி தனியாகப் போட்டே ஆக வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டியிருக்கும். மருந்து மிஞ்சிப்போனால் முறிக்க ஃப்ளூமசெனில் கையில் இருக்க வேண்டும். செறிவு கூடிய மிடஸோலம் ஆம்பூலைத் தவறி எடுத்துவிடும் ஆபத்து பற்றி 2008 டிசம்பரில் அங்கே நாடு முழுவதற்கும் எச்சரிக்கையே விட்டார்கள். ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்ற மெலிந்த மருந்தையே இதற்கு வைக்கச் சொன்னார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் நல்ல முறைதான். முகம் வீங்கி வலியில் துடிப்பவரிடம் "தைரியமா இருங்க" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. அவருக்கு இந்த ஊசி ஆடம்பரம் இல்லை, வைத்தியத்தின் ஒரு பகுதி. வாயில் எது பட்டாலும் குமட்டுகிறவர்களுக்கும், நீண்ட நேரம் பிடிக்கும் அறுவைக்கும் அப்படியே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மிடஸோலம் போட்டவருக்கு நடந்தது பெரும்பாலும் நினைவில் நிற்காது. அதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள்! ஆனால் "உட்கார்ந்தேன், வலிக்கவில்லை, முடிந்துவிட்டது" என்ற அனுபவமும் அதோடு சேர்ந்து அழிகிறது. பல் சரியாகிறது, பயம் அப்படியே இருக்கிறது. அடுத்த சொத்தைக்கு மறுபடி ஊசி. கிளினிக்குக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

இதற்கு மாற்று உண்டு. பயத்தையே பேசிப் பழக்கிக் குறைக்கும் மனநலச் சிகிச்சை அது. லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பல் மருத்துவத் துறையினர் 2015-ல் வெளியிட்ட முடிவில், அப்படிச் சிகிச்சைக்கு வந்த 130 பேரில் 79 சதவீதம் பேர் மயக்க மருந்தே இல்லாமல் பல் வைத்தியம் செய்துகொண்டார்கள். சராசரியாக ஐந்து சந்திப்புகள் போதுமானதாக இருந்தன. ஐந்து சந்திப்புக்கு ஆகும் செலவு ஒரு தடவையோடு முடிகிறது. ஊசிச் செலவோ, ஒவ்வொரு தடவையும் மருந்து, பயிற்சி பெற்ற இன்னொரு ஆள், கூடுதல் நேரம் என்று வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே அவசரத்துக்கு ஊசி, அது முடிந்த கையோடு பயத்துக்குச் சிகிச்சை என்று இரண்டையும் ஒன்றாகத் தர வேண்டும். ஊசியை மட்டும் விற்பது பாதி வைத்தியம்.

ஊசி போட்ட 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்துப் போடக்கூடாது என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தில் 'தெளிந்த மனநிலை' படித்தவர்களுக்குக் காரணம் புரியும். அதே காரணத்தால் சம்மதக் கையெழுத்தையும் ஊசிக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். மாற்று வழி இருக்கிறது என்று நோயாளியிடம் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான்.