ஐகானை மாற்றலாம், செயலியை அல்ல

விண்டோஸ் கணினியின் டெஸ்க்டாப்பில் வரிசையாக நிற்கும் ஐகான்களில் பெரும்பாலானவை செயலிகளே அல்ல. செயலி பெரும்பாலும் சி டிரைவுக்குள், புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் எங்கோ ஓர் ஆழத்தில் இருக்கும். திரையில் தெரிவது, அது எங்கே இருக்கிறது என்பதைக் குறித்து வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பு. அதற்கு ஷார்ட்கட் என்று பெயர். ஓரிரு கிலோபைட் அளவே இருக்கும் அந்தக் கோப்பில் எதைத் திறக்க வேண்டும், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும், அந்தப் படம் எந்தக் கோப்பில் எத்தனையாவதாக இருக்கிறது என்ற விவரங்கள் பதிந்திருக்கும். கீழே தெரியும் பெயர் அந்தச் சிறு கோப்பின் பெயர்தான். பெயர்ப்பலகையை மாற்றி எழுதினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறாது. ஷார்ட்கட்டின் பெயரையும் படத்தையும் என்ன செய்தாலும் செயலிக்கு அது தெரியவே தெரியாது. கணினியைக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து இதைத் தொடாமல் இருப்பவர்கள் அநேகம். அந்தப் பயத்துக்கு இங்கே வேலையில்லை.

ஐகான் என்ற கருத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். 1975இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அது இடம்பெற்றது. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஸ்டார் கணினியில் அது திரைக்கு வந்தது. ஸ்டாரின் ஐகான்களை நார்ம் காக்ஸ் வரைந்தார். அந்தத் திரையில் ஆவணம், ஃபோல்டர், கடிதத் தட்டு, பிரிண்டர் ஆகியவற்றுக்கு ஐகான் இருந்தது. செயலி என்ற ஒன்றைத் தனியாகக் காட்டும் வழக்கம் இல்லை. ஆவணத்தைத் திறந்தால் அதற்குரிய மென்பொருள் தானே வந்து நிற்கும். 1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு சூசன் கேர் வரைந்தார். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம், கறுப்பு வெள்ளை மட்டும். கட்டம் போட்ட காகிதத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் அவர் தொடங்கினார். விண்டோஸ் 3.0க்கான சில ஐகான்களும் சாலிடேர் ஆட்டத்தின் சீட்டுகளும் அவர் கைவண்ணமே.

பயனரே ஐகானை மாற்றிக்கொள்ளும் வசதி அதன் பின்னாலேயே வந்துவிட்டது. 1990இல் வெளியான விண்டோஸ் 3.0இல் புரோகிராம் மேனேஜர் என்ற சாளரம் இருந்தது. அதில் ஒவ்வொரு செயலிக்கும் விருப்பமான பெயரை எழுதி, வேறு படத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பழைய டாஸ் மென்பொருள்களுக்குச் சொந்த ஐகான் கிடையாது என்பதால், அவற்றுக்குப் பூட்டிவிடுவதற்காகவே ஒரு படத் தொகுப்பு விண்டோஸ் 3.1உடன் வந்தது. மோர்ஐகான்ஸ் என்ற அந்தக் கோப்பு விண்டோஸ் 10இலும் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கிறது. முப்பதாண்டுக்கு முந்தைய கணக்குப்பதிவு மென்பொருள்களின் சின்னங்கள் இன்றும் அதற்குள் தூங்குகின்றன. இப்போதைய ஷார்ட்கட் 1995இல் விண்டோஸ் 95உடன் வந்தது. பெயரில் எட்டு எழுத்துக்குமேல் கூடாது என்ற டாஸ் காலத்துக் கெடுபிடி ஒழிந்து, 255 எழுத்துவரை போகலாம் என்றானதும் அப்போதுதான்.

பெயரை மாற்றுவதற்கு ஐகானை ஒருமுறை கிளிக் செய்து எஃப்2 விசையை அழுத்தி எழுதினால் போதும். சாய்கோடு, தலைகீழ்ச் சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள்குறி, இரண்டு கோணக்குறிகள், செங்குத்துக்கோடு ஆகிய ஒன்பது குறிகளை மட்டும் விண்டோஸ் ஏற்காது. தமிழை ஏற்கும். யூனிகோடுக்கு முன்பு தமிழ் எழுத்துகள் தனித்தனி எழுத்துருக் குறியீடுகளில் கிடந்ததால், கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் வேறொரு கணினியில் அது கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் தமிழ் யூனிகோடை ஏற்ற பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் செயலி இருக்கும் ஃபோல்டரின் பெயரைத் தமிழாக்கக் கூடாது. ஃபோல்டரின் பெயர் மாறினால் செயலி தன் துணைக் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும். தமிழ் எழுத்துள்ள பாதையைப் படிக்கத் தெரியாத பழைய மென்பொருள்களும் உண்டு. ஷார்ட்கட்டில் இந்த இரண்டு சிக்கலுக்கும் இடமில்லை.

என்ன பெயர் வைப்பது என்பதில்தான் பலன் இருக்கிறது. மென்பொருள் நிறுவனம் வைத்த பெயர் விற்பனைக்கானது. அது எக்செல் என்றோ குரோம் என்றோ இருக்கும். முதன்முறையாகக் கணினி முன் உட்காரும் எழுபது வயதுப் பெரியவருக்கு அதில் எதுவும் விளங்காது. வீட்டுக் கணினியில் அவருக்கென்று ஒரு பயனர் கணக்கைத் திறந்து, கடிதம், வங்கி, செய்தித்தாள், பேத்தி படங்கள் என்று நான்கு ஷார்ட்கட் வைத்தால் வேலை முடிந்தது. வங்கி என்ற ஷார்ட்கட், வங்கியின் சரியான இணைய முகவரிக்கே நேராகச் செல்லுமாறு அமைக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. முகவரியைத் தப்பாகத் தட்டிப் போலித் தளத்தில் போய் விழும் ஆபத்து குறையும். பெயர் வரிசைப்படி அடுக்கும்போது எண்கள் முதலில் வரும், அடுத்து ஆங்கிலம், அதன் பிறகே தமிழ். தமிழ்ப் பெயர்கள் மேலே நிற்க வேண்டுமானால் முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்வது எளிய வழி.

ஐகானை மாற்ற, ஷார்ட்கட்டின்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் சேஞ்ச் ஐகான் என்ற பொத்தான் கிடைக்கும். விண்டோஸ் தானே வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் ஷெல்32, இமேஜ்ரெஸ் என்ற இரு டிஎல்எல் கோப்புகளில் அடைந்திருக்கின்றன. அவையே பலருக்குப் போதும். சொந்தப் படம் வேண்டுமென்றால் அது ஐகோ வடிவத்தில் இருக்க வேண்டும். பிஎன்ஜி கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வாலை மட்டும் ஐகோ என்று மாற்றி எழுதினால் வடிவம் மாறிவிடாது. ஜிம்ப் போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, ஐகோவாக ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பை நிரந்தரமான ஓர் இடத்தில் வைத்த பிறகே தேர்ந்தெடுப்பது முறை. ஷார்ட்கட் படத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வதில்லை, இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்த மறுநாள் டெஸ்க்டாப்பில் ஐகான்கள் வெள்ளைக் காகிதங்களாக நிற்பதற்குக் காரணம் இதுவே. படத்தை மாற்றியும் பழையதே தெரிந்தால், விண்டோஸ் வேகத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ஐகான் நகல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஐகோ கோப்பு ஒரே படமன்று. ஒரே சின்னத்தின் பல அளவுகள் சேர்ந்த தொகுப்பு. பக்கத்துக்கு 16 புள்ளி, 32 புள்ளி, 48 புள்ளி, 256 புள்ளி என்ற நான்கும் இருப்பது நல்லது. கடைசி அளவு விண்டோஸ் விஸ்டாவில் சேர்ந்தது. பெரிய அளவில் அழகாகத் தெரியும் ஒரு புகைப்படம் 16 புள்ளிக்குச் சுருங்கினால் சேற்றுத் திட்டாகிவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐகான்களில் பல தோற்பது இந்த இடத்தில்தான். சிறிய அளவைத் தனியாக, விவரங்களைக் குறைத்து வரைந்தால் மட்டுமே தேறும். தமிழ் எழுத்தையே சின்னமாக்குவோருக்கும் இது பொருந்தும். ப, ட, ம போன்றவை எவ்வளவு சுருங்கினாலும் நிற்கின்றன. ஐ, ஞ, ணை போன்றவை சுழிகள் ஒட்டிக்கொண்டு கறையாகின்றன. நிறம் ஒன்றோ இரண்டோ போதும். பக்கத்தில் நிற்கும் ஐகானிலிருந்து நிறத்தால் வேறுபடுவது, நுணுக்கமான ஓவியத்தைவிட விரைவாகக் கண்ணில் படும்.

ரீசைக்கிள் பின், திஸ் பிசி போன்றவை ஷார்ட்கட் அல்ல என்பதால் அவற்றுக்கு வழி வேறு. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் தீம்ஸ், அதில் டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ் என்று போக வேண்டும். ரீசைக்கிள் பின்னுக்கு நிறைந்த நிலை, காலியான நிலை என்று இரண்டு படங்கள் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் முதல் கோப்பை அழித்தவுடன் பழைய தொட்டி எட்டிப் பார்க்கும். அதே இடத்தில், தீம்கள் ஐகானை மாற்ற அனுமதிக்கும் கட்டத்தின் குறியையும் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் தீம் மாறும்போது எல்லாம் போய்விடும்.

மெக்கில் கதை சற்று வேறு. அங்கே அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் தெரிவது செயலியேதான். செயலியைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட் விசையுடன் ஐ அழுத்தினால் கெட் இன்ஃபோ சாளரம் வரும். அதன் மேல் மூலையில் இருக்கும் சிறு ஐகானைக் கிளிக் செய்து, முன்பே காப்பி செய்து வைத்த படத்தை ஒட்டிவிடலாம். பழையபடி ஆக்க அதே இடத்தில் டிலீட் விசை போதும். 1991இல் வந்த சிஸ்டம் 7 காலத்திலிருந்து இந்த வழி அநேகமாக மாறவில்லை. மாறியது சுதந்திரத்தின் அளவு. 2015இல் வந்த எல் கேப்பிடன் பதிப்பிலிருந்து ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்குப் பூட்டுப் போட்டது. 2020இல் வந்த பிக் சர், சிஸ்டம் இருக்கும் பகுதியையே முத்திரையிட்டு மூடியது. மற்ற செயலிகளில் மாற்றலாம், ஆனால் செயலி புதுப்பிக்கப்படும்போது மாற்றிய படம் பெரும்பாலும் காணாமல் போகும். 2025இல் வந்த டாஹோ, வளைந்த முனைச் சதுரத்துக்குள் அடங்காத ஐகான்களைப் பிடித்து ஒரு சாம்பல் சட்டத்துக்குள் அடைக்கிறது. எல்லாம் ஒரே வடிவில் இருந்தால் திரை ஒழுங்காகத் தெரியும் என்பது நிறுவனத்தின் எண்ணம். வடிவத்தை வைத்துச் செயலியை அடையாளம் கண்டுவந்த கண்ணுக்கு அது இழப்பு. ஃபோல்டர்களுக்கு நிறமும் ஈமோஜியும் வைக்க அதே டாஹோ வழிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் தாராளமானது லினக்ஸ். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் டெஸ்க்டாப் கோப்பு என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பு இருக்கும். நோட்பேட் போன்ற எதிலும் அதைத் திறந்து படிக்கலாம். பெயருக்கு ஒரு வரி, ஐகானுக்கு ஒரு வரி, இயக்க வேண்டிய கட்டளைக்கு ஒரு வரி. பெயர் வரியை மொழிவாரியாகத் தனித்தனியாக எழுதலாம். தமிழுக்கான வரியில் தமிழ்ப் பெயரை எழுதிவிட்டால், கணினியின் மொழி தமிழாக இருக்கும்போது அதுவும் ஆங்கிலமாக இருக்கும்போது ஆங்கிலப் பெயரும் தெரியும். க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப் சூழல்களின் பல செயலிகளுக்குத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே இந்த வரியைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூலக் கோப்பைத் தொடாமல், அதன் நகலைப் பயனரின் சொந்த ஃபோல்டரில் அதே பெயரில் வைத்தால் நகலே முன்னுரிமை பெறும். செயலி எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் மாற்றம் அழியாது. வேண்டாமென்றால் நகலை நீக்கினால் பழையது திரும்பும். ஐகானை எஸ்விஜி என்ற கோட்டோவிய வடிவில் கொடுக்கலாம் என்பதால் பல அளவுகளில் வரையும் தொல்லையும் குறைவு.

பெயரும் படமும் செயலியோடு ஒட்டாதவை என்பதால், கெட்ட எண்ணம் கொண்டவர்களும் அவற்றை விருப்பம்போல வைக்க முடிகிறது. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸ், காதல் கடிதம் என்று பெயரிட்ட ஓர் உரைக் கோப்புபோலவே மின்னஞ்சலில் வந்தது. பெயரின் கடைசியில் இருந்த விபிஎஸ் என்ற மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கம்போல மறைத்துவிட்டதால், அது இயங்கும் நிரல் என்று பலருக்குத் தெரியவில்லை. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஷார்ட்கட்டின் ஐகானை விண்டோஸ் திரையில் வரையும் வேலையில் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. யுஎஸ்பி டிரைவைச் செருகி, ஃபோல்டரைத் திறந்து, ஐகான் கண்ணில் பட்டாலே போதும். கிளிக் செய்யத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் 2010 ஆகஸ்டில் அவசரமாக அதை அடைத்தது.

கோப்புப் பெயரின் வாலை எப்போதும் தெரிய வைப்பது முதல் காப்பு. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று தேர்ந்தெடுக்கலாம். அப்படிச் செய்த பிறகும் ஷார்ட்கட்டின் வாலான எல்என்கே மட்டும் தெரியாது. அதை மறைத்தே வைப்பது விண்டோஸின் வழக்கம். ஐகானின் இடது கீழ் மூலையில் இருக்கும் சிறு அம்புக்குறிதான் ஷார்ட்கட் என்பதற்கான ஒரே வெளி அடையாளம். திரையை அழகுபடுத்தும் குறிப்புகள் பலவும் அந்த அம்பை ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து நீக்கச் சொல்கின்றன. நீக்கிவிட்டால், பிடிஎஃப் படம் போட்டுக்கொண்டு மின்னஞ்சலில் வரும் ஷார்ட்கட்டுக்கும் உண்மையான பிடிஎஃப் கோப்புக்கும் பார்வையில் வித்தியாசமே இருக்காது. அம்பு இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகமான ஷார்ட்கட் ஒன்று கையில் கிடைத்தால், திறக்காமல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைப் படித்தால் அது உண்மையில் எதை இயக்கப் போகிறது என்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.