இருமலுக்குப் பயப்படும் பெண்கள்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். வெளியூர் பஸ் ஏற வேண்டும் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. புடவை எப்போதும் அடர்நிறம். யாராவது ஜோக் அடித்தால் தொடைகளை இறுக்கிக்கொண்டு பிறகுதான் சிரிக்கிறார்கள். சளி பிடித்துவிட்டால் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

சிறுநீர்க் கசிவோடு காலம் தள்ளும் பெண்களின் வாழ்க்கை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. இதற்கு வைத்தியம் உண்டு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, மாதவிலக்கும் நின்றாயிற்று, இனி அப்படித்தான் இருக்கும் என்று மாமியாரும் அக்காவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நிறையப் பேருக்கு வருகிறது என்பது வாஸ்தவம். அதனாலேயே சகித்துக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயமோ!

டாக்டரிடம் போனாலும் விஷயம் முழுதாக வெளியே வருவதில்லை. பக்கத்தில் கணவரோ மகனோ உட்கார்ந்திருக்க, 'யூரின் பிராப்ளம்' என்று பாதியில் நிறுத்திவிட்டால் டாக்டர் தொற்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். லக்னோவிலோ போபாலிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால் இதை இந்தியில் வேறு சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கப் பத்தாம் வகுப்புப் பையன் வந்திருந்தால் எந்த அம்மா வாய் திறப்பாள்?

தேவைப்படுவது இரண்டு வாக்கியங்கள்தான். 'இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் கசிகிறது' என்பது ஒன்று. 'வந்துவிட்டால் அடக்க முடியவில்லை, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது' என்பது மற்றொன்று. முதலாவது அழுத்தத்தால் வரும் கசிவு. வயிற்றில் அழுத்தம் ஏறும்போது சிறுநீர்க் குழாயை மூடிவைக்கும் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. இரண்டாவது அவசரக் கசிவு. இதில் வேண்டாத நேரத்தில் பை தானாகவே சுருங்குகிறது. சிலருக்கு இரண்டும் உண்டு. எந்த வாக்கியம் பொருந்துகிறது என்பதைச் சொல்லிவிட்டாலே சிகிச்சை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பிடிமானம் தருவது இடுப்புக் கூட்டின் அடித்தளத்தில் தூளி போலக் கட்டியிருக்கும் தசைகள். முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை போகும் இவை சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. பிரசவம், பருத்த உடல், ஆறாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் இவற்றைத் தளர வைக்கும். தசை என்பதால் பயிற்சி கொடுத்தால் வலுவடையவும் செய்யும். அங்கேதான் பிசியோதெரபி வருகிறது.

இந்தப் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல். 1948-ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அவர் பெயரே பயிற்சிக்கு நிலைத்துவிட்டது. 'தினமும் கெகல் செய்யுங்கள்' என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். கெகல் வெறுமனே சொல்லி அனுப்பியவரல்ல. சரியான தசைதான் சுருங்குகிறதா என்று விரலால் பரிசோதித்தார். சுருக்கத்தின் அழுத்தத்தை அளந்து பெண்ணுக்கே காட்ட ஒரு கருவியையும் உருவாக்கினார். பயிற்சி ஊரெல்லாம் பரவியது. பரிசோதனை வழியில் எங்கோ விடுபட்டுவிட்டது.

அதனால் என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவில் 1991-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாயால் சொல்லிக் கொடுத்ததை வைத்துச் செய்த பெண்களில் சுமார் பாதிப் பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். நான்கில் ஒரு பங்கினர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக் கூடியது. உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழ்நோக்கி முக்கினார்கள். பல மாதம் செய்தும் பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்களில் எத்தனை பேர் இந்த ரகமோ! நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் யோகா வகுப்பில் மூல பந்தம் கற்றுக்கொண்டாலும் இதே சிக்கல்தான். யார் இழுக்கிறார், யார் முக்குகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை.

பிரான்சில் பிரசவத்துக்குப் பின் இந்தத் தசைகளுக்குப் பயிற்சி எடுக்க அரசுக் காப்பீடே பணம் தருகிறது. இங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு உண்டு, எண்ணெய்க் குளியல் உண்டு. இந்தத் தசைகளைக் கவனிக்கத்தான் ஆளில்லை. ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்குப் போனால் அங்கே முழங்கால் வலியும் கழுத்து வலியும் வரிசையில் நிற்கின்றன. ஆகவே கேட்டுப் போக வேண்டும். மகப்பேறு, மகளிர் நலத்தில் முதுநிலைப் பட்டமோ தனிப் பயிற்சியோ பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இந்தியாவில் இருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவரிடமே சீட்டு எழுதித் தரச் சொல்லலாம்.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை தடவை போகிறார், எப்போது கசிகிறது என்று குறைந்தது 3 நாளைக்குக் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பிறகு பரிசோதனை. கையுறை போட்ட விரலைப் பிறப்புறுப்பில் வைத்துத் தசையின் பலத்தைப் பார்ப்பது வழக்கமான முறை. அதை முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டும். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும், துணைக்கு ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். வேண்டாம் என்று மறுக்கலாம். வெளியிலிருந்தே பார்க்கும் வழிகளும் உண்டு. சிலருக்குத் தசை தளராமல் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். அவர்கள் முதலில் தளர்த்தக் கற்க வேண்டும், இறுக்கினால் தொல்லை கூடும். பரிசோதிக்காமல் இது தெரியாது.

பயிற்சி என்னவோ எளிமைதான். காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே, மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, முழுதாக விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. தொடையும் பின்புறமும் இறுகக் கூடாது. ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம், அதுவும் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டு நெறியின் கணக்கு. தும்மல் வரும்போது முந்திக்கொண்டு தசையை இறுக்கும் சாமர்த்தியமும் பழகினால் வரும். சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. அவசரக் கசிவுக்காரர்கள் கூடவே போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக வேண்டும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குறைப்பது உதவாது. அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

பலன்? காக்ரேன் அமைப்பு 2018-ல் 31 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அழுத்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமாகிவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கருவிகள் விஷயத்தில் மட்டும் பர்ஸைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கலாம். பயிற்சியோடு தசைச் சுருக்கத்தைத் திரையில் காட்டும் கருவியையும் சேர்த்தால் கூடுதல் பலன் கிடைக்குமா என்று பிரிட்டனில் 600 பெண்களிடம் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: இல்லை. தசையைச் சுருக்கவே வராதவர்களுக்குத் தொடக்கத்தில் மின்தூண்டல் உதவக்கூடும். மற்றவர்களுக்குச் சரியாகக் கற்றுத்தரும் ஆள்தான் முக்கியம்.

பயிற்சிக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் வராமல் அடைப்பது, கால் மரத்துப்போவது இவற்றில் தாமதம் கூடாது. கஷ்டமான பிரசவத்துக்குப் பின் இரவு பகலாக ஒழுகிக்கொண்டே இருந்தால் பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். அதற்குப் பயிற்சி பயன்படாது, பெரும்பாலும் ஆபரேஷன்தான் தேவைப்படும்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் தீராத அழுத்தக் கசிவுக்கும் ஆபரேஷன் இருக்கிறது. செயற்கை வலைப் பட்டி வைக்கும் முறை ஒருகாலத்தில் அமோகமாகப் பரவி, பலருக்கு வலியும் சிக்கலும் தந்ததால் இங்கிலாந்தில் 2018-ல் அதை நிறுத்தி வைத்தார்கள். கையெழுத்துப் போடுமுன் எந்த வகை ஆபரேஷன், உள்ளே வலை வைக்கப்படுமா, பின்னால் எடுக்க நேர்ந்தால் எடுக்க முடியுமா என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.